முன்னாள் படைவீரர்களுக்கான செயற்கைக் கால்களும் மறுவாழ்வுக் கருவிகளும்: பொருத்தியபின் தொடரவேண்டிய சேவை

போர்முனையிலோ, கண்ணிவெடியிலோ, பணிக்கால விபத்திலோ, ஓய்வுக்குப் பின் வந்த நீரிழிவு நோயாலோ காலை இழந்த முன்னாள் படைவீரருக்குச் செயற்கைக் கால் பொருத்தப்படுகிறது. பொருத்திய அன்று நடந்து காட்டியவர்களில் சிலர், ஓராண்டுக்குள் அதைக் கழற்றி வீட்டின் மூலையில் சாய்த்துவிடுகின்றனர். அது வலிக்கிறது, தோலை உரசுகிறது, தளர்ந்து கழல்கிறது என்பவையே அவர்கள் கூறும் காரணங்கள். இவற்றுள் பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை. எங்குச் சென்று, எதைக் கேட்க வேண்டும் என்பது தெரியாததால் அவை சரிசெய்யப்படாமலே போகின்றன.

செயற்கைக் கால் ஒருமுறை பெற்றுக்கொண்டு முடித்துவிடும் பொருளன்று. அளவெடுத்தல், பொருத்துதல், நடைப்பயிற்சி, பழுதுபார்த்தல், மாற்றுதல் என வாழ்நாள் முழுவதும் தொடரும் சேவை அது. அச்சேவையை நீங்களும் உங்கள் குடும்பத்தினரும் எவ்வாறு முறையாகப் பயன்படுத்திக்கொள்வது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

செயற்கைக் காலின் பகுதிகள்

பழுது எங்கு உள்ளது என்பதை வல்லுநரிடம் தெளிவாகக் கூற, பகுதிகளின் பெயர்களை அறிந்திருப்பது உதவும்.

• சாக்கெட்: எஞ்சியுள்ள கால் பகுதி உள்ளே சென்று அமரும் கிண்ணம் போன்ற பகுதி. உடலின் எடை இதன் வழியாகவே செயற்கைக் காலுக்குச் செல்கிறது. வலி, புண், தளர்வு ஆகியவை பெரும்பாலும் இங்குத்தான் தொடங்குகின்றன.
• உள்ளுறை: தோலுக்கும் சாக்கெட்டுக்கும் இடையில் அணியப்படும் மென்மையான உறை. சிலிக்கோன் உறையாகவோ, பருத்தி அல்லது கம்பளிக் காலுறையாகவோ இருக்கலாம்.
• பிடிப்பு அமைப்பு: கால் கழன்றுவிடாமல் நிறுத்தும் பட்டை, ஊசிப்பூட்டு அல்லது காற்றழுத்த அமைப்பு.
• முழங்கால் மூட்டு: முழங்காலுக்கு மேல் கால் நீக்கப்பட்டவர்களுக்கு மட்டும் உரியது.
• தண்டு: சாக்கெட்டையும் பாதத்தையும் இணைக்கும் உலோகக் குழாய்.
• பாதம்: ஜெய்ப்பூர் பாதம், சாக் பாதம், கார்பன் இழைப் பாதம் எனப் பல வகைகள் உள்ளன. 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் உருவாக்கப்பட்ட ஜெய்ப்பூர் பாதம், வெறுங்காலுடன் நடக்கவும், குந்தி அமரவும், ஈரமான வயல்வெளியில் வேலை செய்யவும் ஏற்றதாக வடிவமைக்கப்பட்டது.

விலை உயர்ந்த பாதமோ முழங்கால் மூட்டோ பொருத்தியிருந்தாலும், சாக்கெட் சரியாகப் பொருந்தாவிட்டால் அந்தக் காலால் நடக்க இயலாது. எனவே கருவியின் விலையைவிடப் பொருத்தத்தின் தரத்திலேயே உங்கள் கவனம் இருக்க வேண்டும்.

சாக்கெட் ஏன் பொருந்தாமல் போகிறது?

அறுவைச் சிகிச்சைக்குப் பின் எஞ்சிய கால் பகுதி வீங்கியிருக்கும். வீக்கம் வடிந்து, பயன்படாத தசைகள் மெலியும்போது அதன் சுற்றளவு குறைகிறது. இம்மாற்றம் முதல் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை மிகுதியாக இருக்கும். ஆகவே முதலில் அளிக்கப்படும் சாக்கெட் தற்காலிகமானது எனக் கருதுவது நல்லது. அது தளர்ந்துபோவது எதிர்பார்க்கப்படும் ஒன்றே. உங்கள் தவறோ வல்லுநரின் தவறோ அன்று.

பிற்காலத்திலும் உடல் எடை சில கிலோ கூடினாலோ குறைந்தாலோ, சிறுநீரக அல்லது இதய நோயால் உடலில் நீர் தேங்கினாலோ பொருத்தம் மாறும். ஒரே நாளில்கூடக் காலையில் இறுக்கமாகவும் மாலையில் தளர்வாகவும் இருக்கலாம். தளர்வை ஈடுசெய்யக் காலுறைகள் வெவ்வேறு தடிமன்களில் வழங்கப்படுகின்றன. எத்தனை அடுக்கு வரை சேர்க்கலாம் என்பதை வல்லுநரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு மேல் தேவைப்பட்டால், காலுறையைச் சேர்த்துக்கொண்டே போகாமல் சாக்கெட்டை மாற்றக் கேட்க வேண்டும்.

குண்டுவெடிப்பில் காயமுற்ற படைவீரர்களுக்குக் கூடுதல் சிக்கல்கள் உண்டு. தோல் ஒட்டப்பட்ட இடம் உரசலை எளிதில் தாங்காது. தசைக்குள் தங்கிய உலோகத் துணுக்குகளோ, மென்திசுவில் புதிதாக வளர்ந்த எலும்போ பல ஆண்டுகளுக்குப் பின்னும் வலி தரலாம். முன்பு வலியின்றிப் பயன்படுத்திய சாக்கெட் திடீரென ஓரிடத்தில் மட்டும் குத்தினால், மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே தேவையா எனக் கேளுங்கள்.

பொருத்துவதற்கு முன்: முதல் வாரங்களில் செய்ய வேண்டியவை

செயற்கைக் கால் நன்கு அமைவது, அது வருவதற்கு முந்தைய வாரங்களில் நீங்கள் மேற்கொள்ளும் பயிற்சியைப் பெரிதும் சார்ந்துள்ளது.

1. வீக்கத்தைக் குறைத்தல்: மருத்துவர் அனுமதித்தபின் கிரேப் பேண்டேஜை எட்டு வடிவில், நுனியில் சற்று இறுக்கமாகவும் மேலே செல்லச் செல்லத் தளர்வாகவும் சுற்ற வேண்டும். வட்டமாக இறுக்கிச் சுற்றினால் இரத்த ஓட்டம் தடைபடும். இம்முறையை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன்னரே பராமரிப்பாளர் கற்றுக்கொள்ள வேண்டும்.

2. மூட்டு இறுக்கத்தைத் தடுத்தல்: ஆறுதலாக இருக்கட்டும் என்று முழங்காலுக்கு அடியிலோ தொடைக்கு அடியிலோ தலையணை வைப்பது வீடுகளில் வழக்கம். இதைத் தவிர்க்க வேண்டும். மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிட்டால் செயற்கைக் காலால் நிமிர்ந்து நடக்க இயலாது. மருத்துவர் தடை கூறாவிட்டால், நாள்தோறும் சில முறை குப்புறப் படுப்பது இடுப்பு மூட்டு இறுகாமல் காக்கும். நாற்காலியில் அமரும்போது முழங்காலுக்குக் கீழ் எஞ்சிய பகுதியைத் தொங்கவிடாமல் நீட்டி வையுங்கள்.

3. வலுவூட்டல்: இடுப்பு, தொடை, தோள், கை ஆகியவற்றுக்கான பயிற்சிகளை இயன்முறை மருத்துவரிடம் கற்றுத் தொடருங்கள். செயற்கைக் காலுடன் நடக்கக் கூடுதல் ஆற்றல் தேவைப்படுகிறது. முழங்காலுக்குக் கீழ் இழந்தவரைவிட, முழங்காலுக்கு மேல் இழந்தவருக்கு இத்தேவை மிகுதி. இதய நோயுள்ளவர்கள் பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரின் ஒப்புதல் பெற வேண்டும்.

அளவெடுக்கும் நாளில் நீங்கள் கூற வேண்டியவை

செயற்கை உறுப்பு வல்லுநர் உங்கள் காலை அளக்கிறார். உங்கள் வீட்டை அவர் பார்த்ததில்லை. கீழ்க்காண்பவற்றை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே கூறுங்கள்.

• வீட்டுக்குள் வெறுங்காலுடன் நடப்பீர்களா? செயற்கைக் கால் ஒரு குறிப்பிட்ட காலணியின் குதி உயரத்துக்கு ஏற்பச் சீரமைக்கப்படுகிறது. காலணியைக் கழற்றி நடந்தால் உடல் பின்புறம் சாயும். முழங்கால் பின்னோக்கித் தள்ளப்படும். காலணியுடன் வீட்டுக்குள் செல்லாத நம் வழக்கத்தை வல்லுநருக்குத் தெரிவித்தால் அதற்கேற்ற பாதத்தையோ சீரமைப்பையோ அவர் தேர்ந்தெடுப்பார்.
• தரையில் அமர்ந்து உண்பீர்களா? கோயிலிலோ பள்ளிவாசலிலோ தரையில் அமர வேண்டியுள்ளதா?
• கழிப்பறை தரைமட்டத்தில் உள்ளதா, மேற்கத்திய வகையா?
• வயல் வேலை, கடை, பாதுகாவலர் பணி என எந்த வேலையைச் செய்கிறீர்கள்? நாள்தோறும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?
• இருசக்கர வாகனம் ஓட்டுவீர்களா? பேருந்தில் ஏறுவீர்களா?
• நீரிழிவு, இரத்தக்குழாய் அடைப்பு, ஒட்டுத்தோல், கேட்டல் குறைபாடு உள்ளனவா?

அளவெடுத்தபின் சோதனை சாக்கெட் அணிவிக்கப்பட்டு, நின்றும் நடந்தும் பார்க்கப்படும். இந்நிலையில் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். வலியைத் தாங்கிக்கொள்வது படைப்பயிற்சியில் பாராட்டப்படும் பண்பு. சாக்கெட் பொருத்தும் அறையில் அதே பண்பு பிழையான பொருத்தத்தை மறைத்துவிடுகிறது. எந்த இடத்தில், எந்த அசைவில், எவ்வளவு நேரத்தில் வலிக்கிறது என்று சொல்வதே வல்லுநருக்கு நீங்கள் செய்யும் உதவி.

புதிய காலை முதல் நாள் அரை மணி நேரத்துக்கு மேல் அணியாமல், கழற்றித் தோலைப் பார்த்து, வல்லுநர் கூறும் அளவில் நாள்தோறும் நேரத்தைக் கூட்டுங்கள். கால் கிடைத்த அன்றே நடைப்பயிற்சிக்கான நாள்களையும் கேட்டுப் பெறுங்கள். பயிற்சி இன்றிப் பெற்ற கால், முழுமையாகப் பெற்றதாகாது.

அன்றாடப் பராமரிப்பு

• எஞ்சிய கால் பகுதியை ஒவ்வோர் இரவும் மென்மையான சோப்பாலும் நீராலும் கழுவி, நன்கு துடையுங்கள். காலையில் கழுவினால் ஈரத்தோல் சாக்கெட்டுக்குள் ஊறிப் புண்ணாகலாம்.
• கைக்கண்ணாடி கொண்டு அடிப்பகுதியையும் பின்பகுதியையும் நாள்தோறும் பாருங்கள். பார்வை மங்கியவர்களுக்குக் குடும்பத்தினர் பார்க்க வேண்டும்.
• காலைக் கழற்றியதும் தோலில் சிவப்புத் தடம் இருப்பது இயல்பு. 10 முதல் 15 நிமிடங்களில் அது மறையாவிட்டால், அங்கு அழுத்தம் மிகுதியாக உள்ளது எனப் பொருள்.
• உள்ளுறையை நாள்தோறும் கழுவி, நேரடி வெயில் படாமல் உலர்த்துங்கள். பருத்திக் காலுறையை நாள்தோறும் மாற்றுங்கள். வெயில் காலத்தில் வியர்வை மிகும்; நண்பகலில் ஒருமுறை கழற்றித் துடைத்து மீண்டும் அணிவது நல்லது.
• அணிவதற்கு முன் எண்ணெய், பவுடர், ஸ்பிரிட் ஆகியவற்றை மருத்துவர் கூறாமல் பூச வேண்டாம். அப்பகுதியில் முடியை மழிக்கவும் வேண்டாம்.
• சாக்கெட்டின் உட்புறத்தை ஈரத்துணியால் துடையுங்கள். உட்புறத்தை நீங்களே அரத்தால் தேய்ப்பதையோ துணி வைத்து அடைப்பதையோ தவிர்க்கவும்.
• திருகுகள் தளர்ந்து ஒலி எழுந்தாலோ, பாதத்தில் வெடிப்புத் தெரிந்தாலோ அந்தக் காலைப் பயன்படுத்துவதை நிறுத்திப் பழுதுபார்க்கக் கொடுங்கள்.

மற்றொரு காலைக் காத்தல்

இளம் வயதில் போரில் ஒரு காலை இழந்தவர், அறுபது வயதில் நீரிழிவு நோயாளியாக இருக்கக்கூடும். பல்லாண்டுகளாகக் கூடுதல் எடையைத் தாங்கிய மற்றொரு காலின் முழங்கால் தேய்ந்திருக்கும். பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும். அந்தப் பாதத்தில் ஏற்படும் ஒரு சிறு கொப்புளம் இரண்டாவது காலையும் இழக்கச் செய்யலாம். ஆகவே நாள்தோறும் இரு பக்கங்களையும் பார்க்க வேண்டும். வீட்டுக்குள்ளும் மென்மையான செருப்பு அணியுங்கள். இச்செருப்பைப் பற்றியும் வல்லுநரிடம் கூறி, அதன் உயரத்துக்குச் செயற்கைக் காலைச் சீரமைத்துக்கொள்ளுங்கள். இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். புகையிலையை முற்றிலும் நிறுத்துங்கள்.

உடனே மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

• தோல் கிழிதல், நீர்க்கொப்புளம், சீழ், துர்நாற்றம்
• எஞ்சிய கால் பகுதியில் பரவும் சிவப்பு, வெப்பம், காய்ச்சல்
• தோல் கருநிறமாதல் அல்லது குளிர்ந்துபோதல்
• திடீரெனத் தோன்றிய கடுமையான வலி அல்லது வீக்கம்
• விழுந்தபின் எடை தாங்க இயலாமை

இவற்றுள் ஏதேனும் தோன்றினால் செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு, ஊன்றுகோல் அல்லது சக்கர நாற்காலியைப் பயன்படுத்தி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். புண் ஆறும்வரை காலை அணிய வேண்டாம். அவசர நிலையில் 108 எண்ணை அழையுங்கள்.

இல்லாத காலில் வலி

நீக்கப்பட்ட பாதம் அரிப்பதாகவோ, எரிவதாகவோ, விரல்கள் முறுக்கப்படுவதாகவோ தோன்றுவது மாய உறுப்பு வலி எனப்படும். இது கற்பனையன்று, மனநோயும் அன்று. மூளையிலும் நரம்புகளிலும் அந்த உறுப்புக்குரிய பதிவுகள் தொடர்ந்து செயல்படுவதால் இது உண்டாகிறது. இதற்கு மருந்துகளும், கண்ணாடிப் பயிற்சி போன்ற சிகிச்சைகளும் உள்ளன. "இல்லாத காலில் எப்படி வலிக்கும்?" என்று வீட்டில் யாரும் கேட்டுவிடக் கூடாது. அக்கேள்விக்குப் பின் பலர் வலியைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிடுகின்றனர்.

கொடுங்கனவு, திடுக்கிடுதல், எவரிடமும் பேசாமை, மிகையான மது, வாழ்வதில் விருப்பமின்மை ஆகியவை தெரிந்தால் மனநல மருத்துவரின் உதவியைப் பெறுங்கள். டெலிமானஸ் எனப்படும் தேசிய மனநல உதவி எண் 14416. இச்சேவை 24 மணி நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம்.

சக்கர நாற்காலி, ஊன்றுகோல்

செயற்கைக் கால் பெற்றவருக்கும் இவை தேவை. இரவில் கழிப்பறை செல்லவும், புண் ஆறும் காலத்திலும், கால் பழுதுபார்க்கச் சென்றிருக்கும் நாள்களிலும் இவையே துணை.

ஊன்றுகோல்: அக்குள் ஊன்றுகோலின் மேற்பகுதி அக்குளுக்கு இரண்டு, மூன்று விரல் அகலம் கீழே இருக்க வேண்டும். எடையைக் கைகளால் தாங்க வேண்டும். அக்குளால் தாங்கினால் கை நரம்பு பாதிக்கப்படும். அடி ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். ஈரமான தரையில் தேய்ந்த ரப்பர் வழுக்கும்.

சக்கர நாற்காலி: இருக்கையின் அகலமும் ஆழமும் உங்கள் அளவுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். இரு கால்களையும் இழந்தவர்களுக்கு உடலின் எடை பின்புறம் குவிவதால் சாதாரண நாற்காலி பின்னோக்கிக் கவிழக்கூடும். பின்சக்கரங்களைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி அமைக்கவோ, கவிழ்தடுப்புச் சக்கரம் பொருத்தவோ கேளுங்கள். தண்டுவடக் காயமுற்றவர்கள் தகுந்த மெத்தையின் மீது அமர்வதுடன், 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னோ பக்கவாட்டிலோ சாய்ந்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். உணர்வற்ற இடத்தில் தோன்றும் அழுத்தப்புண் உயிருக்கே ஊறு செய்யும்.

சேவை எங்கே கிடைக்கிறது?

இந்தியாவில் உறுப்பிழந்த படைவீரர்களுக்கான சேவைக்கு நீண்ட வரலாறு உண்டு. முதல் உலகப் போரில் ஊனமுற்ற வீரர்களுக்குத் தொழில் கற்பிக்க 1917இல் பம்பாயில் தொடங்கப்பட்ட குயின் மேரி தொழில்நுட்பப் பயிலகம், பின்னர் புனே நகரின் கட்கிக்கு மாற்றப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், புனேயில் இராணுவச் செயற்கை உறுப்பு மையம் நிறுவப்பட்டது. இம்மையம் இன்றும் பணியிலுள்ள வீரர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் உறுப்புகளைப் பொருத்தி வருகிறது. தண்டுவடக் காயமுற்ற வீரர்களுக்கெனக் கட்கியிலும் மொகாலியிலும் மறுவாழ்வு மையங்கள் உள்ளன.

முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம்: 2003 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இத்திட்டம் சுருக்கமாக இ.சி.எச்.எஸ். எனப்படுகிறது. உறுப்பினர்கள் முதலில் தங்கள் பாலிகிளினிக்கை அணுக வேண்டும். அங்கிருந்து இராணுவ மருத்துவமனைக்கோ அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைக்கோ பரிந்துரை வழங்கப்படும். கருவிகளுக்கு வல்லுநர் மருத்துவரின் பரிந்துரையும் அனுமதிக்கப்பட்ட விலை வரம்பும் உண்டு. எனவே வெளியில் வாங்கிவிட்டுப் பின்னர் தொகையைத் திரும்பக் கேட்பதைத் தவிர்த்து, வாங்கும் முன்னரே எழுத்துமூலம் அனுமதி பெறுங்கள்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்: எந்த அலுவலகத்தை அணுகுவது எனத் தெரியாதபோது இங்குத் தொடங்கலாம். ஓய்வுக்குப் பின் மாற்றுத்திறனாளியானவர்கள் நடமாட்டக் கருவி வாங்குவதற்குக் கேந்திரிய சைனிக் வாரியம் வழங்கும் நிதியுதவி பற்றியும் இங்கு விசாரிக்கலாம்.

மாநில அரசுச் சேவைகள்: சென்னை கே.கே. நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலுள்ள மறுவாழ்வு மருத்துவப் பிரிவுகளிலும் ஆலோசனை பெறலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகவும் செயற்கை உறுப்புகளும் சக்கர நாற்காலிகளும் வழங்கப்படுகின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டிலுள்ள, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்திலும் செயற்கை உறுப்புப் பிரிவு உள்ளது.

முகாம்களில் கருவி பெறுவோர், முகாம் முடிந்தபின் பழுதுபார்க்க எங்கு வருவது என்பதை அன்றே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டு சான்றிதழ்கள்: படைத்துறை மருத்துவக் குழு வழங்கிய ஊன விழுக்காடு உங்கள் ஓய்வூதியத்துக்குரியது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, அரசு மருத்துவ அதிகார அமைப்பின் தனி மதிப்பீட்டின்பேரில் வழங்கப்படுகிறது. ஒன்று இருப்பதால் மற்றொன்று தேவையில்லை எனக் கருத வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன்படி பல சலுகைகளுக்கு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட குறைபாடு சான்றளிக்கப்பட்டிருக்க வேண்டும்.

வீட்டில் ஒரு பதிவேடு

மருத்துவர் மாறலாம், வல்லுநர் மாறலாம், நீங்கள் ஊர் மாறலாம். உங்கள் கால் குறித்த முழு வரலாறும் உங்களிடம் மட்டுமே தொடர்ந்து இருக்கும். ஒரு குறிப்பேட்டில் கீழ்க்காண்பவற்றை எழுதி வையுங்கள்.

1. கால் பொருத்திய நாள், இடம், சாக்கெட் மாற்றிய நாள்கள்
2. பாதம், மூட்டு, உள்ளுறை ஆகியவற்றின் வகையும் அளவும், உத்தரவாதக் காலம்
3. தற்போது அணியும் காலுறையின் அடுக்குகள்
4. உடல் எடை, மாதம் ஒருமுறை
5. புண், வலி ஏற்பட்ட நாளும் இடமும்
6. பழுதுபார்த்த விவரம்; அடுத்த பரிசோதனை நாள்

இக்குறிப்பேட்டுடன் படைவிடுவிப்புச் சான்று, ஓய்வூதிய ஆணை, இ.சி.எச்.எஸ். அட்டை, ஊனச் சான்றிதழ்கள், ஆதார் அட்டை ஆகியவற்றின் நகல்களை ஒரே கோப்பில் வையுங்கள். கோப்பு எங்குள்ளது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

குறையில்லை என்றாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். பயன்பாட்டையும் உடல் மாற்றத்தையும் பொறுத்து, ஒரு செயற்கைக் கால் ஏறக்குறைய மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கும். புதிய கால் கிடைத்தபின் பழையதை உடனே எறிந்துவிடாதீர்கள். அது பொருந்துமெனில், புதியது பழுதுபட்ட நாள்களில் உதவும்.

பராமரிப்பாளர்களுக்கு

• படுக்கையருகே ஊன்றுகோலையும் இரவு விளக்கையும் வையுங்கள். தூக்கக் கலக்கத்தில், கால் இருப்பதாக எண்ணி எழுந்து விழுபவர்கள் பலர்.
• குளியலறையிலும் கழிப்பறையிலும் சுவரில் உறுதியான கைப்பிடிகளைப் பொருத்துங்கள். குளிக்க உயரமான, வழுக்காத இருக்கை அமையுங்கள்.
• வாசற்படியின் உயரத்தை அளந்து வல்லுநரிடம் கூறுங்கள். சாய்தளம் அமைத்தால் அது செங்குத்தாக இல்லாமல் நீண்டு சரியட்டும்.
• அவர் தாமே செய்யக்கூடிய வேலையை அவருக்கே விடுங்கள். காலை அணிய நேரமாகிறது என்பதற்காக எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தால், சில மாதங்களில் அணிவதற்கான காரணமே இல்லாமல் போய்விடும்.
• உங்கள் முதுகையும் உறக்கத்தையும் காத்துக்கொள்ளுங்கள். ஒருவரைத் தூக்கி மாற்றும் முறையை இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது ஆண்டுகளாகச் செயற்கைக் கால் இல்லாமல் இருக்கிறேன். இப்போது பொருத்த முடியுமா?
பலருக்கு முடியும். இடுப்பு, முழங்கால் மூட்டுகளின் அசைவு, தசை வலு, இதய நலம் ஆகியவற்றைப் பரிசோதித்து மருத்துவர் முடிவு செய்வார். சில வாரப் பயிற்சி முதலில் தேவைப்படலாம்.

முதலில் பெற்ற கால் வலித்ததால் விட்டுவிட்டேன். மீண்டும் கேட்பது முறையா?
முறையே. வலித்த காலையும் எடுத்துச் செல்லுங்கள். எங்கு வலித்தது என்பதை அதிலேயே சுட்டிக்காட்டினால் புதிய சாக்கெட்டைச் செம்மையாகச் செய்ய முடியும்.

மின்னணு முழங்கால் மூட்டுதான் சிறந்ததா?
அனைவருக்கும் இல்லை. மின்னேற்றம், நீர் படாத பயன்பாடு, அருகில் பழுதுபார்க்கும் வசதி ஆகியவை அதற்கு வேண்டும். உங்கள் வேலை, உடல்நிலை, ஊர் ஆகியவற்றுக்குப் பொருந்தும் மூட்டே உங்களுக்குச் சிறந்தது.

விளையாட்டில் ஈடுபட முடியுமா?
மருத்துவரின் ஒப்புதலுடன் முடியும். 1965 போரில் காயமுற்ற படைவீரர் முரளிகாந்த் பேட்கர், 1972 பாராலிம்பிக்கில் நீச்சலில் இந்தியாவின் முதல் தங்கத்தை வென்றார். 2002இல் கண்ணிவெடியில் காலை இழந்த ஹொகாட்டோ ஹொடோசே சேமா, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் குண்டு எறிதலில் வெண்கலம் வென்றார். பதக்கம் நோக்கமாக இல்லாவிட்டாலும், நாள்தோறும் செய்யும் உடற்பயிற்சி எடையையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்திச் சாக்கெட்டின் பொருத்தத்தைக் காக்கும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

• பொருந்தாத சாக்கெட்டைச் சரிசெய்யக் கேட்பது உங்கள் உரிமை. வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.
• நாள்தோறும் இரு பக்கத் தோலையும் பாருங்கள்.
• ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. எப்போதும் கைவசம் ஒரு பதிவேடு.
• காலைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், அதன் காரணத்தை இவ்வாரமே உங்கள் பாலிகிளினிக்கிலோ மறுவாழ்வு மருத்துவரிடமோ தெரிவியுங்கள்.

தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கும் தகவலுக்கும் 104 எண்ணை அழைக்கலாம். இப்பக்கத்திலுள்ள செய்திகள் பொது அறிதலுக்கானவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா. திட்ட விதிகளும் தொகை வரம்புகளும் அவ்வப்போது மாற்றப்படுவதால், விண்ணப்பிக்கும் முன் உரிய அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.